மகள் சிரிக்கவே இல்லை. பிளேஸிங் சாடில்ஸ் பழசா, நான் பழசா?

ரீல்பெட்டி:
போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் கேள்விக்கு வருகிறேன். பிளேஸிங் சாடில்ஸ் படத்தை நான் முதலில் பார்த்தது வீடியோ கேசட் காலத்தில், மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த கேசட்டில். பாதி வசனம் புரியவில்லை, ஆனாலும் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம். அதற்கப்புறம் ஏழெட்டுத் தடவையாவது பார்த்திருப்பேன். மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. லீவுக்கு வந்தவளை, "உலகத்திலேயே பெரிய காமெடிப் படம் ஒன்று காட்டுகிறேன் வா" என்று பில்டப் கொடுத்து உட்கார வைத்தேன். முதல் தப்பு அதுதான்.

பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று, பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. நான் சிரிப்பேன், அவள் முகத்தைப் பார்ப்பேன், மிச்சச் சிரிப்பை விழுங்கிவிடுவேன். கடைசியில் அவளே கேட்டாள்: "ஏம்ப்பா, அந்த வார்த்தையை இத்தனை தடவை சொல்லணுமா?" கறுப்பினத்தவரை இழிவுபடுத்துகிற ஆங்கில வசவைத்தான் சொல்கிறாள். உடனே படத்தை நிறுத்திவிட்டு விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். இது இரண்டாவது தப்பு.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1874, அமெரிக்காவின் மேற்குப் பகுதி. ரயில் பாதை போகிற வழியில் புதைமணல், அதனால் பாதையை ராக் ரிட்ஜ் என்ற ஊர் வழியாகத் திருப்ப வேண்டும். ஊர்க்காரர்களை விரட்டிவிட்டால் நிலம் தன் கைக்கு வந்துவிடும் என்று ஹெட்லி லமார் என்ற அதிகாரி (ஹார்வி கார்மன்) கணக்குப் போடுகிறார். தூக்கில் போட வைத்திருந்த பார்ட் என்ற கறுப்பினத் தொழிலாளியை (கிளீவன் லிட்டில்) அந்த ஊருக்கு ஷெரிஃபாக அனுப்புகிறார். வெள்ளைக்காரர்கள் மட்டும் இருக்கிற ஊர். அவர்கள் அவனைக் கொன்றாலும் சரி, ஊரை விட்டு ஓடினாலும் சரி, லமாருக்கு லாபம். பார்ட்டுக்குத் துணை என்று கிடைப்பது, லாக்கப்பில் போதையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் முன்னாள் துப்பாக்கி வீரன் ஜிம் (ஜீன் வைல்டர்). எடுத்தவர் மெல் புரூக்ஸ், வெளியானது 1974.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் சமீபத்தில் பார்த்தீர்களா, சிரித்தீர்களா?

பின்வரிசை:
ஜோக்கை விளக்குவது சாம்பாரை வடிகட்டிக் குடிப்பது மாதிரி அண்ணா. கடைசியில் சாம்பாரும் இல்லை, ரசமும் இல்லை.

தயிர்சாதம்:
நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிற ஆள். என் கணக்கில் படத்தின் மொத்த சாவியும் முதல் ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது. வெயிலில் கறுப்பினத் தொழிலாளர்களும் சீனத் தொழிலாளர்களும் தண்டவாளம் போடுகிறார்கள், ஒருவர் சுருண்டு விழுகிறார், மேஸ்திரி வந்து "அடிமையாக இருந்தபோது பாடுவீர்களே, அந்த மாதிரி ஒன்று பாடுங்கள்" என்கிறான். பார்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு கோல் போர்ட்டரின் ஒரு நைட் கிளப் பாட்டை எடுக்கிறான், மற்றவர்கள் சுதி சுத்தமாகச் சேர்ந்துகொள்கிறார்கள். மேஸ்திரிக்குத் தாங்கவில்லை. "அது இல்லைடா, இப்படி" என்று அவனும் அடியாட்களும் தாங்களே பாடிக் கையைக் காலை உதறிக் குதிக்க, தொழிலாளர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. இந்தக் காட்சியில் உங்கள் மகள் என்ன செய்தாள்?

ரீல்பெட்டி:
போன் பார்த்துக்கொண்டிருந்தாள். கோல் போர்ட்டர் பாட்டு 1930களில் வந்தது, 1874இல் பாட முடியாது, அதுதான் ஜோக் என்று நான் சொன்னதும் "ஓ" என்றாள். அந்த "ஓ" இன்னும் காதில் கேட்கிறது.

மழைக்காலம்:
ரீல்பெட்டி அங்கிள், நானும் உங்கள் மகள் வயதை ஒட்டித்தான், இருபத்து நான்கு. அவள் பக்கமாகக் கொஞ்சம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனவெறி ஜோக்கெல்லாம் இனவெறி பிடித்தவர்கள் மேல்தான் விழுகிறது, எனக்கும் புரிகிறது. ஆனால் படத்தில் அது மட்டுமா இருக்கிறது? கடைசிப் பகுதியில் ஆண் நடனக் கலைஞர்களை வைத்து வரும் ஜோக்கில் கேலிக்கு ஆளாவது அந்தக் கலைஞர்களேதான். அங்கே எந்த மேஸ்திரியும் முட்டாளாக்கப்படவில்லை. பெண்களைப் பலாத்காரம் செய்வதைப் பற்றி வில்லன் கும்பல் பேசுகிற வசனங்களும் அப்படித்தான், சும்மா வந்து போகின்றன. மெல் புரூக்ஸே முகத்தில் சாயம் பூசி இறகுத் தலைப்பாகை வைத்துக்கொண்டு பழங்குடித் தலைவராக வந்து இத்திஷ் மொழி பேசுவது யூதர்களுக்கு உள்வட்ட ஜோக்காக இருக்கலாம், ஆனால் அந்தப் பழங்குடிகளுக்கு? "எல்லோரையும்தானே கிண்டல் செய்கிறார்" என்பார்கள். எல்லோரையும் ஒரே மாதிரி செய்யவில்லை என்பதுதான் என் புகார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கிழவி பை (pie, பேக்கரிப் பலகாரம்) கொண்டு வரும் காட்சியில் நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தபோது என்னவோ செய்தது.

பின்வரிசை:
எந்தக் கிழவி? நான் பார்த்துப் பத்து வருஷமாயிற்று.

மழைக்காலம்:
ஷெரிஃப் ஆன புதிதில் பார்ட் தெருவில் ஒரு வயதான அம்மாவுக்கு மரியாதையாகக் காலை வணக்கம் சொல்வான், அவர் அந்த வார்த்தையோடு சேர்த்து ஒரு கெட்ட வசவைப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போவார். அப்புறம் மாங்கோ என்ற ராட்சதன் (குதிரையையே முகத்தில் குத்திச் சாய்ப்பானே, அவன்தான்) ஊரைப் புரட்டிப் போடுகிறான், பார்ட் அவனைப் பிடித்து அடைக்கிறான். அன்றைக்கு அதே அம்மா தான் சுட்ட பையை எடுத்துக்கொண்டு ஷெரிஃப் ஆபீஸுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறார். ஜன்னல் வழியாக. கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து, நான் உங்களோடு பேசியதை யாரிடமும் சொல்லாத அளவுக்கு உங்களுக்கு நாகரிகம் இருக்கும்தானே என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

தயிர்சாதம்:
அடடா. இதைத்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும், நான் பீன்ஸ் காட்சியை மட்டும் வைத்திருக்கிறேன்.

ஓல்டு இஸ் கோல்டு:
இப்போதைய பிள்ளைகளுக்கு எதைப் பார்த்தாலும் மனசு புண்படுகிறது, அதுதான் பிரச்சினை. இந்தப் படத்தை இன்றைக்கு யாராலும் எடுக்க முடியாது. நான் சொல்லவில்லை, மெல் புரூக்ஸே 2017இல் பேட்டியில் சொன்னார். 2020இல் எச்பிஓ மேக்ஸ் ஓடிடி தளம் இந்தப் படத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் வந்து விளக்கம் சொல்கிற மாதிரி மூன்று நிமிஷத் துண்டு ஒட்டியது. காமெடிப் படத்துக்குப் பாயிரம்! கேட்கவே அசிங்கமாக இல்லையா?

கடைசிரீல்:
ஓல்டு சார், "இன்றைக்கு எடுக்க முடியாது" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அன்றைக்கு மட்டும் சுலபமாகவா எடுத்தார்கள்?

ஆண்ட்ரூ பெர்க்மன் எழுதிய மூலக் கதைக்கு டெக்ஸ் எக்ஸ் என்று பெயர். அதைப் புரூக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரே அறையில் ஐந்து பேராக உட்கார்ந்து எழுதினார்கள், அதில் ஒருவர் ரிச்சர்ட் பிரையர். கறுப்பின மேடைக் கலைஞர்களில் அன்றைக்கு அவரைப் போல வாய் கூசாமல் உண்மை பேசியவர் இல்லை. பார்ட் வேஷத்துக்குப் புரூக்ஸ் கேட்டது அவரைத்தான், ஸ்டுடியோ ஒத்துக்கொள்ளவில்லை. ஜிம் வேஷத்துக்கு வந்த கிக் யங் முதல் நாள் ஷூட்டிங்கிலேயே குடிப்பழக்கத்தின் பாதிப்பில் சுருண்டு விழுந்துவிட்டார் (குடிகாரன் வேஷம், நிஜமாகவே விழுந்திருக்கிறார், பாவம்). ஜீன் வைல்டர் விமானம் ஏறி அவசரமாக வந்து நடித்துக் கொடுத்தார். படம் முடிந்து வார்னர் மேலதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினால் அநேகமாக ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, இதை வெட்டு அதை வெட்டு என்று பட்டியல் நீண்டது. பீன்ஸ் காட்சி, குதிரையைக் குத்துவது, அந்த வார்த்தை, எல்லாமே அதில் உண்டு. அதே நாள் ராத்திரி ஸ்டுடியோவில் வேலை செய்கிற சாதாரண ஊழியர்களைக் கூப்பிட்டுப் போட்டிருக்கிறார்கள், அரங்கம் அதிர்ந்திருக்கிறது. கடைசி எடிட்டிங் உரிமை ஒப்பந்தப்படி புரூக்ஸ் கையில் இருந்ததால் அதெல்லாம் வெட்டுப்படாமல் தப்பித்தது. செலவு 26 லட்சம் டாலர், வசூல் 10 கோடி டாலரைத் தாண்டியது.

அதனால் ரீல்பெட்டி, சிரிக்காத முதல் பார்வையாளர் உங்கள் மகள் இல்லை. அவளுக்கு முன்னால் ஒரு அறை நிறைய கோட்டு சூட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று. இதே கதையை நாயும் பூனைகளுமாக மாற்றி 2022இல் குழந்தைகளுக்கான அனிமேஷன் படமாகவே எடுத்துவிட்டார்கள், அதில் மெல் புரூக்ஸ் குரலும் கொடுத்திருக்கிறார். எடுக்க முடிகிறது, அவ்வளவு நன்றாக வரவில்லை, அவ்வளவுதான்.

மழைக்காலம்:
ஓல்டு சார், அந்த மூன்று நிமிஷத் துண்டை நான் பார்த்தேன். ஜாக்குலின் ஸ்டூவர்ட் பேசுகிறார், சினிமா வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர். "பார்க்காதே" என்று அவர் சொல்லவே இல்லை. மூன்றே நிமிஷம்தான். எங்கள் தாத்தா பழைய படம் போடுவதற்கு முன் அரை மணி நேரம் பேசுவார், அதைத்தான் தாங்க முடியாது.

ஓல்டு இஸ் கோல்டு:
சரி சரி. நல்ல படம் என்பதையாவது ஒத்துக்கொள்கிறீர்களே, போதும்.

சப்டைட்டில்காரன்:
தாமதமாக வந்தேன், ஆனால் இந்த இழைக்கு நான் பிறந்தவன் என்று நினைக்கிறேன். பிழைப்பே சப்டைட்டில்தான். சில வருஷங்களுக்கு முன் நண்பர்களின் திரையிடலுக்காக இந்தப் படத்தின் முதல் அரை மணி நேரத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிப் பார்த்தேன். தோற்றுப்போனேன். எப்படித் தோற்றேன் என்று சொல்கிறேன், மகள் ஏன் சிரிக்கவில்லை என்பதற்கும் அதில் கொஞ்சம் பதில் இருக்கலாம்.

முதல் சிக்கல் அந்த வார்த்தை. முதலில் "கறுப்பன்" என்று போட்டேன். தெரிந்த தப்புதான், வேறு வழியில்லை என்று போட்டேன். ஷெரிஃப் குதிரையில் ஊருக்குள் வருகிறான், ஊரே மிரண்டு நிற்கிறது, திரையில் "கறுப்பன் வந்துட்டான்!" என்று வருகிறது. மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. என்னவென்று கேட்டால், "குதிரை மேல ஊர் எல்லைக்குக் காவலுக்குக் கருப்பன் வந்தா பொங்கல் வெச்சுக் கெடா வெட்டணும்ய்யா, இவங்க ஏன் துப்பாக்கியை நீட்டுறாங்க?" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது ரொம்பச் சரி. குதிரை, ஆயுதம், எல்லைக் காவல், தப்புச் செய்தவனைப் பிடிப்பது. ஷெரிஃபுக்கு நம் ஊரில் இருக்கிற மிகப் பொருத்தமான பெயரையே வசவு என்று போட்டு வைத்திருக்கிறேன். நூறு வருஷத்து அவமானத்தைச் சுமக்கிற வார்த்தைக்குப் பதிலாகக் கையெடுத்துக் கும்பிடுகிற பெயர்.

சரி, அதே அளவு வலிக்கிற தமிழ் வார்த்தை வேண்டுமென்றால் எங்கே போவது என்று உங்களுக்கே தெரியும். சாதிப் பெயர்தான். ஒரே ஒரு இடத்தில் எழுதிப் பார்த்தேன். எழுதியதும் அது ராக் ரிட்ஜாக இல்லை, நான் பிறந்த ஊராக ஆகிவிட்டது, சிரிப்பு போய்விட்டது. அழித்துவிட்டேன். கடைசியில் ஆங்கில வார்த்தையின் முதல் எழுத்தும் மூன்று புள்ளிகளும். பேடித்தனம்தான், வேறு தெரியவில்லை. சுலபமாக அமைந்தது ஒரே இடம்: கூரை மேல் நின்று கிழவர் "வருகிற ஷெரிஃப் ஒரு..." என்று கத்த, சரியாக அந்த வார்த்தையில் கோயில் மணி அடித்து மூடிவிடும். மெல் புரூக்ஸே எனக்காகப் புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டார்.

பெயர்கள் இன்னொரு தலைவலி. வில்லனை எல்லோரும் "ஹெடி" என்று கூப்பிட, அவன் "ஹெட்லி" என்று திருத்திக்கொண்டே இருப்பான். ஹெடி லமார் என்ற நடிகையைத் தெரிந்தால்தான் அது ஜோக். (அந்த அம்மா நிஜத்தில் வழக்கே போட்டார், கோர்ட்டுக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள்.) கவர்னர் பெயர் லெ பெட்டோமேன். அது பழைய பிரெஞ்சு மேடைக் கலைஞர் ஒருவரின் பட்டப்பெயர், அவருடைய கலை பின்பக்கத்திலிருந்து காற்று விட்டு இசை எழுப்புவது. இதையெல்லாம் இரண்டு வரி சப்டைட்டிலில் எங்கே வைப்பது?

பின்வரிசை:
மதுரைக்காரர் சொன்னதைப் படித்துவிட்டு ஆபீஸில் சத்தமாகச் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

தயிர்சாதம்:
கவர்னர் பெயருக்கும் பீன்ஸ் காட்சிக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும், முப்பது வருஷம் வீண். பார்க்காதவர்களுக்கு: அடியாட்கள் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பீன்ஸும் காபியுமாகச் சாப்பிடுகிறார்கள். அப்புறம் வயிறு தன் வேலையைச் செய்கிறது, ஒருவர் பின் ஒருவராக, எழுந்து நின்று கூட. அவ்வளவுதான் காட்சி. ஆனால் அதற்கு முன் எத்தனை நூறு கௌபாய் படத்தில் இவர்கள் நெருப்பைச் சுற்றி பீன்ஸ் தின்றிருப்பார்கள், ஒருத்தனுக்காவது வயிறு பொருமியதா? டிவியில் போட்டபோது அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டார்களாம். சத்தம் இல்லாமல் ஆட்கள் மட்டும் காரணமே இல்லாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அது இன்னும் அசிங்கம்.

வடக்குவாசல்:
சப்டைட்டில்காரர் தொட்டுவிட்டு நகர்ந்த இடத்தை நான் முழுதாகச் சொல்கிறேன். மேலிடம் ஒருவரைப் பதவியில் உட்காரவைக்கிறது, ஊர் "உன்னை ஏற்க மாட்டோம்" என்கிறது. இந்தக் கதையைப் பார்க்கிற தமிழனுக்குப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? 1996இல் ஊராட்சித் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள், 2006 வரை அங்கே ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்த முடியவில்லை. பார்ட் மேடையேறிக் காகிதத்தைப் பிரிக்கும்போது ஊரே துப்பாக்கியை எடுக்கிற காட்சியை என்னால் லேசாகப் பார்க்க முடியாது.

கடைசிரீல்:
புரிகிறது தோழர். ஆனால் ஒரு வித்தியாசம். அந்தக் காட்சி அங்கே நிற்கவில்லை. பார்ட் தன் துப்பாக்கியைத் தன் தலையிலேயே வைத்து, யாராவது நகர்ந்தால் இவனைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறான், ஒரே ஆள் கடத்துகிறவனும் கடத்தப்பட்டவனுமாக இரண்டு குரலில் பேசுகிறான். ஊர் அதை நம்பி வழி விடுகிறது, ஒரு அம்மா "யாராவது அந்தப் பாவப்பட்ட மனுஷனைக் காப்பாற்றுங்களேன்" என்று பதறுகிறார்! ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறான். ஊர் அவ்வளவு முட்டாள். நிஜ ஊர்கள் அவ்வளவு முட்டாள் இல்லை, அதுதான் வித்தியாசம்.

வடக்குவாசல்:
ஆமாம், அதுதான் எனக்கு வலிக்கிறது. ஆனால் அந்தப் பதறுகிற அம்மாவை நீங்கள் ஞாபகப்படுத்தியதும் சிரித்துவிட்டேன், மறைக்கவில்லை. கடைசியில் நிலம் பங்கு பிரிக்கிற இடமும் அப்படித்தான். ஊரைக் காப்பாற்ற ரயில்வே தொழிலாளர்கள் உதவ வேண்டும், கூலியாக நிலம் கேட்கிறார்கள். கறுப்பினத்தவர்களுக்கும் சீனர்களுக்கும் கொடுக்கிறோம், ஐரிஷ்காரர்களுக்கு மட்டும் முடியாது என்று ஊர் பேரம் பேசும். படிநிலை என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள்.

ஓல்டு இஸ் கோல்டு:
படத்தில் பாடகியாக வருகிற மேட்லின் கானைப் பற்றி யாரும் பேசவில்லையே. பழைய ஹாலிவுட் நடிகை மார்லின் டீட்ரிச்சை அப்படியே உரித்து வைத்து, களைப்பாக இருக்கிறது என்று ஒரு பாட்டுப் பாடுவார், வேண்டுமென்றே சுதி விட்டு. ஆஸ்காருக்குப் பரிந்துரையானது அந்த நடிப்பு. டைட்டில் பாட்டைப் பாடிய ஃபிராங்கி லெயினுக்கு இது காமெடிப் படம் என்றே யாரும் சொல்லவில்லை, மனிதர் நிஜ கௌபாய் படம் என்று நினைத்து உருகிப் பாடிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் பாட்டு அவ்வளவு நன்றாக இருக்கிறது.

பின்வரிசை:
எனக்கு ஒரே குறை கிளைமாக்ஸ்தான். சண்டை உச்சத்தில் இருக்கும்போது கேமரா மேலே போகிறது, பார்த்தால் எல்லாம் ஸ்டுடியோ செட், சண்டை சுவரை உடைத்துப் பக்கத்து ஷூட்டிங்குக்குள் போகிறது, கேண்டீனில் ஒருவர் மேல் ஒருவர் பை எறிகிறார்கள், அப்புறம் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். கதையை முடிக்கத் தெரியாமல் கையைத் தூக்கிவிட்டார்கள் என்று தோன்றியது.

கடைசிரீல்:
என் பெயரைப் பார்த்துமா இப்படிச் சொல்கிறீர்கள்! எனக்கு அந்தக் கடைசி ரீலுக்காகத்தான் படமே. லமார் டாக்ஸி பிடித்துத் தப்பித்து ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டருக்குள் போய் உட்கார்ந்தால் அங்கே ஓடுவது இதே படம், திரையில் பார்ட் அவனைத் தேடி அந்தத் தியேட்டர் வாசலுக்கே வருகிறான். வில்லனைச் சுட்டுவிட்டு பார்ட்டும் ஜிம்மும் உள்ளே போய்ப் படத்தின் முடிவைப் பார்க்கிறார்கள், முடிவு நல்லபடியாக இருக்க வேண்டுமே என்ற கவலையோடு. ஊர், ஷெரிஃப், நியாயம் எல்லாமே கௌபாய் படங்கள் கட்டிய அட்டை செட்டுதான் என்று அதுவரை வாயால் சொன்னதை அங்கே சுவரை உடைத்தே காட்டிவிடுகிறார்கள். அப்புறம் குதிரையில் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போய், இறங்கி, சொகுசுக் காரில் ஏறிப் போகிறார்கள். இதைவிட நேர்மையான முடிவு இருக்கிறதா?

பின்வரிசை:
நேர்மையாக இருக்கலாம். எனக்குச் சண்டை யார் ஜெயித்தார்கள் என்று தெரியணும். நமக்கெல்லாம் இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம் போதும் ஐயா.

தயிர்சாதம்:
அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன். சிம்புதேவனுக்குக் கடன் பாக்கி இருக்கிறது.

ரீல்பெட்டி:
எல்லோருக்கும் நன்றி. முந்தாநாள் ராத்திரி மிச்சத்தைப் போட்டேன், இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானம். சப்டைட்டில்காரரின் கருப்பசாமி கதையை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன், அதற்கு அவள் சிரித்தாள் (எனக்குப் பொறாமை). கிழவி பை கொண்டு வந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆண் நடனக் கலைஞர்கள் வந்த இடத்தில் "இது வேஸ்ட்" என்றாள், நானும் மறுத்துப் பேசவில்லை, மழைக்காலம் சொன்னது மனதில் இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே அந்த டோல்கேட் வந்திருந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஊரைக் கொளுத்தப் போகிற படை மொத்தமும் குதிரையில் பாய்ந்து வருகிறது, சுற்றிலும் வெட்டவெளிப் பாலைவனம், நடுவில் தன்னந்தனியாக ஒரு டோல்கேட். ஒருத்தன்கூட அதைச் சுற்றிக்கொண்டு போக நினைக்கவில்லை. அடியாட்களின் தலைவனாக வருகிற ஸ்லிம் பிக்கன்ஸ் தலையைத் திருப்பி, யாரிடமாவது பத்து சென்ட் சில்லறை இருக்கிறதா என்று கேட்டு, யாரிடமும் இல்லாமல், யாராவது திரும்பிப் போய் மூட்டை நிறையச் சில்லறை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று கத்துகிறார்.

மகள் கட்டிலிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்து சிரித்தாள். ரிமோட்டைப் பிடுங்கி மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை என்னிடம் திரும்பி, "சில்லறையா குடுங்க சார், முதல் வண்டிதான் இது" என்று பஸ் கண்டக்டர் குரலில் சொன்னாள். நான் எதையும் விளக்கவில்லை.